வலது காலுக்கும் ஒரு தட்டு

“தம்பி, மறுபடியும் ஒரு தட்டு கூடுது” என்று கீபோர்டை நிறுத்தினார் செபஸ்தியான்.

பாடகர் குழுவில் யாரோ சிரித்தார்கள். ரோசலினுக்குக் காது சுட்டது. அப்பா தம்பி என்று அழைத்தது அவளுடைய கணவன் ஸ்டீபன்ராஜை. கல்யாணமாகி எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அவர் ‘மாப்ள’ என்று கூப்பிட்டதில்லை. அய்யலூர், பழனி என்று பேண்டு செட்டில் டிரம் அடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பவனை மகள் விரும்பிக் கட்டிக்கொண்டது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

சனிக்கிழமை இதே கோயிலில் ரோசலினின் அண்ணனுக்குக் கல்யாணம். மணமக்கள் உள்ளே வரும்போது பாடும் பாட்டுக்கு ஸ்டீபன்ராஜ் டிரம் வாசிக்கட்டும் என்று அவள்தான் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தாள்.

“டீ குடிச்சிட்டு வாங்க. அதுக்கப்புறமும் சரிவரலைன்னா கீபோர்டுலயே பீட்டைப் போட்டுக்குவோம்” என்றார் அப்பா.

ரோசலின் பாட்டுத்தாளோடு கணவனை வெளியே வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

“கீழ நாலுன்னுதானே போட்டிருக்கு?” என்றான் அவன், தாளின் தொடக்கத்தில் விரலை வைத்து.

“மேல மூணு இருக்குல்ல, அதுதாங்க எண்ணிக்கை. மூணு எண்ணி முடிச்சதும் மறுபடி ஒண்ணு. அந்த ஒண்ணு பலமா விழணும். கீழ இருக்குற நாலு, எந்த நோட்டை ஒரு தட்டா எண்ணணும்னு சொல்றது.”

“சரி புள்ள, புரியுது. கை கேக்க மாட்டேங்குதே.”

“எங்க, நடந்துக்கிட்டே எண்ணுங்க.”

இடது காலை வைத்து ‘ஒண்ணு’ என்றான். ரெண்டு, மூணு. அடுத்த ‘ஒண்ணு’ வலது காலில் விழ வேண்டும். அவனோ வலது காலைச் சும்மா எடுத்து வைத்துவிட்டு, இடது கால் வந்த பிறகுதான் ‘ஒண்ணு’ என்றான்.

ரோசலின் சிரித்துவிட்டாள். “கோளாறு கையில இல்ல, கால்ல. இடது கால் தரையில படாம உங்களுக்குப் பலமா அடிக்க வரல.”

“பேண்டுல மொத நாளே அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. மாத்தி அடிச்சா முன்னால போறவன் திரும்பிப் பாத்து வைவான்.”

“இங்க யாரும் வைய மாட்டாங்க. ஒரு தடவை இடது, மறுதடவை வலது. அந்தக் காலும் பாவம்தானே, அதுக்கும் ஒண்ணு குடுங்க.”

இருவரும் கைகோத்து மரத்தைச் சுற்றி நடந்தார்கள். ஒவ்வொரு ‘ஒண்ணு’க்கும் அவள் அவன் விரல்களை அழுத்தினாள். நாலாவது சுற்றில் அவன் தடுமாறவில்லை.

உள்ளே போய்ப் பாட்டு தொடங்கியதும், நின்ற இடத்திலேயே அவனுடைய கால்கள் பழையபடி நடக்கப் பார்த்தன. பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்த ரோசலின், யாரும் கவனிக்காமல் அவன் இடது பாதத்தின் மேல் தன் காலை வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு ‘ஒண்ணு’க்கும் மெல்ல மிதித்தாள். அப்பாவின் விரல் பீட் பட்டனின் மேலேயே இருந்தது. இரண்டாவது சரணம் வந்தபோது அந்த விரலும் வாசிக்கப் போய்விட்டது.

பாட்டு முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. செபஸ்தியான் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் கீழே பார்த்தார்.

“ஏம்மா ரோசலின், சனிக்கிழமை ஹீல்ஸ் போட்டுட்டு வந்து இப்படி மிதிச்சுராத. மாப்ள கால் தாங்காது.”

அவள் சட்டென்று காலை எடுத்தாள்.

“பரவால்ல மாமா, மிதிக்கட்டும்” என்றான் ஸ்டீபன்ராஜ்.