டெம்ப்ளேட் எஞ்சின் தெரியாதவன்

அந்த அலுவலகத்தில் சீனியர் என்றால் ஒரே ஆள்தான். மற்றவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது; இவருக்குப் பதவியே பெயராகிவிட்டது. கம்பெனி ஆரம்பித்த காலத்தில் உள்ளே வந்தவர். இணையத்தில் கிடைத்ததை வெட்டி ஒட்டி வேலையை முடித்தார். முடித்த வேலை எப்படியோ ஓடியது. ஓடுகிற வண்டியை யார் நிறுத்தித் திறந்து பார்க்கப் போகிறார்கள்? நாற்காலி உயர்ந்தது, கண்ணாடி அறையும் கிடைத்தது. யாராவது சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல மாட்டார், எதிர்க்கேள்வி கேட்பார். சின்னப் பிள்ளைகள் அதையெல்லாம் பெரிய ஞானம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

கம்பெனியின் பிழைப்பு பில் போட்டுத் தருவது. ஊரில் உள்ள கடைகள், கிளினிக்குகள், ஜிம்கள் எல்லாவற்றுக்கும் இவர்களுடைய மென்பொருள்தான் பில் தயாரித்து வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பும். ஒருநாள் எவனோ ஒரு குறும்புக்காரன், பதிவு செய்யும் பக்கத்தில் பெயர் கேட்ட கட்டத்தில் பெயருக்குப் பதிலாக இரட்டை அடைப்புக்குறி போட்டு ஏதோ கிறுக்கி வைத்தான். அவனுக்குப் போன பில்லில் "அன்புள்ள" என்பதற்குப் பக்கத்தில் மற்ற வாடிக்கையாளர்களின் வீட்டு முகவரியும் போன் நம்பரும் வரிசையாக வந்து விழுந்தன. அவன் அதைப் படம் பிடித்து நேராக மேனேஜரம்மாவுக்கு அனுப்பிவிட்டான்.

மேனேஜரம்மா கத்துகிற ரகம் இல்லை. சீனியரைக் கூப்பிட்டு, இது யார் எழுதியது என்று மட்டும் கேட்டார். முன்னாடி இருந்தவர்கள் எழுதியது மேடம் என்றார் சீனியர், வாய் கூசாமல். எழுதியவர் அவரேதான். சரி, யார் எழுதினால் என்ன, இந்த வாரத்துக்குள் காரணம் தெரிய வேண்டும், இல்லையென்றால் வெளியிலிருந்து நிபுணர்களை வரவழைத்து மொத்தத்தையும் வரி வரியாகப் பார்க்கச் சொல்லப் போகிறேன் என்றார் மேனேஜரம்மா. வரி வரியாகப் பார்த்தால் எழுதியது யார் என்பதும் வெளியே வந்துவிடும்.

உட்கார்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தான் எழுதியதுதான், ஆனால் அது ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று தலைகீழாக நின்றாலும் அவருக்கு விளங்கவில்லை. ஜூனியர்களிடம் கேட்கலாம். கேட்டால் மானம் போய்விடும். இத்தனை வருஷம் கட்டிக் காத்த முறைப்பு என்ன ஆவது? அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இல்லாத ஒரு வேலைக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் கொடுப்பது. வருகிறவர்களிடம் பில் தயாரிக்கும் இந்த நிரலையே நீட்டி, தேர்வு என்று சொல்லி, தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வது. எவனாவது ஒருவன் ஓசியில் சொல்லிவிட்டுப் போகமாட்டானா? இதற்கெல்லாம் மட்டும் மூளை எப்படித்தான் வேலை செய்கிறதோ!

வந்தார்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் நின்று தலை வாரிக்கொண்டு, நம்பிக்கையோடு வந்தார்கள். ஒருவருக்கும் பிடிபடவில்லை. வாரம் முடியப் போகிறது என்கிற நிலையில்தான் சீனியருக்குத் தன் வீட்டிலேயே ஒருவன் இருப்பது ஞாபகம் வந்தது.

மனைவியின் தம்பி. சுருள் முடி என்பதால் எல்லோருக்கும் சுருட்டை. வேலை பார்த்த மென்பொருள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அக்கா வீட்டில், துணி காயப்போடும் அறையில் ஒரு பாயும் ஒரு பழைய லேப்டாப்புமாகக் கிடக்கிறான். போன இடத்தில் எல்லாம், நடுவில் ஏன் இவ்வளவு காலம் சும்மா இருந்தாய் என்று கேட்டே திருப்பி அனுப்பினார்கள். அக்கா தினமும் புருஷனிடம் கெஞ்சுவாள், என் தம்பிக்கு உங்க ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று. தண்டச்சோறுக்கெல்லாம் சிபாரிசு பண்ணி என் பேரைக் கெடுத்துக்கொள்ளச் சொல்கிறாயா என்பார் சீனியர், சுருட்டையின் காதில் விழுகிற மாதிரி.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் காலையில், ஒரு இடம் காலியாக இருக்கிறது, நாளைக்கு உன் தம்பியை வரச்சொல் என்றார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பியின் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். இந்த வேலை கிடைத்துவிட்டால் அவன் நிமிர்ந்துவிடுவான், தனக்கும் இந்த வீட்டில் தலை குனிந்து நடக்கிற வேலை இருக்காது என்று அவளுக்கு ஒரே நினைப்பு. சொந்தக்காரன் என்று அங்கே காட்டிக்கொள்ளக் கூடாது என்று சீனியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சுருட்டை அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டான்.

கண்ணாடி அறையில் அவன் எதிரே உட்கார்ந்ததும், டெம்ப்ளேட் எஞ்சின் என்றால் என்ன என்று கேட்டார் சீனியர். பாடப் புத்தகத்துக் கேள்வி. உண்மையைச் சொன்னால் அவருக்கே அதற்கு ஒழுங்கான பதில் தெரியாது. பதில் தொடங்கின நேரம் பார்த்து மேனேஜரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நீங்கள் பேசுங்கள் என்று கையைக் காட்டினார்.

சுருட்டை பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டையை வைத்துச் சொன்னான். எல்லாப் பிள்ளைகளுக்கும் அட்டை ஒன்றுதான். தலைப்பு, கோடு, கட்டம் எதுவும் மாறாது. மாறுவது பெயரும் மதிப்பெண்ணும். அந்த வெற்று அட்டைதான் டெம்ப்ளேட். ஒரு கையில் அட்டை, இன்னொரு கையில் விவரம், இரண்டையும் வாங்கி ஆளுக்கு ஒன்றாக நிரப்பிக் கொடுக்கிற குமாஸ்தாதான் எஞ்சின். இணையப் பக்கம், பில், மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அட்டையின் அழகை மாற்ற வேண்டும் என்றால் அட்டையைத் தொட்டால் போதும், கணக்குப் போடுகிற இடத்தில் கை வைக்க வேண்டாம். கணக்கை மாற்றினால் அட்டை கெடாது. பாஸ் ஆனால் இந்த வரியைப் போடு, எத்தனை பாடமோ அத்தனை வரி போடு என்று அட்டையிலேயே குமாஸ்தாவுக்குச் சின்னச் சின்ன உத்தரவுகளும் எழுதி வைக்கலாம்.

மேனேஜரம்மா தலையாட்டிக்கொண்டே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சீனியர் நிரலை நீட்டினார். சுருட்டை மேலிருந்து கீழே படித்தான், மறுபடி நடுவில் ஓர் இடத்துக்கு வந்தான்.

"உத்தரவு அட்டையில மட்டும்தான் இருக்கணும். இங்க எழுதினவரு, வாடிக்கையாளர் கொடுத்த பேரை விவரமா கொடுக்காம, அட்டையிலயே முதல்ல ஒட்டிட்டு, அப்புறம் எஞ்சின்கிட்ட தர்றாரு. அதனால பேர்ல யாராவது உத்தரவு மாதிரி எழுதினா, எஞ்சின் அதையும் செஞ்சிடும். எல்லார் முகவரியையும் கொடுன்னு எழுதினா கொடுத்திடும். பேரைத் தனியா விவரமா அனுப்பினா போதும். அப்ப என்ன எழுதியிருந்தாலும் அப்படியே வெறும் எழுத்தாத்தான் வரும்."

அவ்வளவுதான். சீனியர் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் அவன் வாயிலிருந்து தண்ணீர் மாதிரி வந்தது. அவன் இன்னும் கீழே ஏதோ ஒரு வரியில் விரலை வைத்துப் பேச வாயெடுத்தான். நேரம் முடிந்துவிட்டது, நீங்கள் போகலாம் என்றார் சீனியர்.

அவன் போனதும் மேனேஜரம்மா சொன்னது இரண்டே விஷயம். முதலாவது, விளம்பரம் கொடுத்தது எதற்காக இருந்தாலும் சரி, இந்தப் பையனுக்கு உண்மையாகவே ஓர் இடம் போடுகிறேன், எடுங்கள். இரண்டாவது, நீங்கள் வாரம் முழுக்க உட்கார்ந்து பார்த்ததை இவன் வந்த சூட்டோடு சொல்லிவிட்டானே, அது எப்படி?

சீனியருக்கு ஒரு கணம் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. இவன் உள்ளே வந்தால், அந்த நிரலை எழுதியது யார் என்று நாளைக்கே கண்டுபிடிப்பான். வீட்டில் தண்டச்சோறு என்று திட்டிய பையன் ஆபீஸில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாருக்கும் பதில் சொல்வான். தலையைக் குனிந்து, தொண்டையைச் செருமி, ரொம்பச் சங்கடப்படுகிறவர் மாதிரி ஆரம்பித்தார். அது என் மனைவியின் தம்பி மேடம். காரணத்தை நேற்றே நான் கண்டுபிடித்துவிட்டேன். வீட்டில் அழுது அரற்றினார்கள், மனசு கேட்கவில்லை, பதிலை அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இப்போது உங்கள் முன்னால் அவன் ஒப்பித்ததைப் பார்த்ததும் உறுத்துகிறது. அவனை எடுக்காதீர்கள்.

நாக்கில் நரம்பில்லாத மனிதன்!

"சொந்த மச்சினனா இருந்தும் மறைக்காம சொல்றீங்க பாருங்க. தப்பு பண்ணாலும் ஒத்துக்கிற ஆள் எனக்குப் போதும்" என்றார் மேனேஜரம்மா.

இனிமேல் யார் எழுதின நிரலும் உங்கள் கையெழுத்து இல்லாமல் வெளியே போகக்கூடாது, இதே தப்பு வேறு எங்கேயும் இல்லை என்று நீங்களே உறுதி கொடுத்துவிடுங்கள், நிபுணர்கள் வேண்டாம் என்றும் சொன்னார். சீனியர் எங்கும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நிரலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, அடிப்படையே தெரியவில்லை, டெம்ப்ளேட் எஞ்சின் என்றால் என்ன என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கிறான் என்றார். சுருட்டைக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மேடம் தலையாட்டினார்களே என்று மெதுவாகக் கேட்டான். அவர் எல்லாருக்கும்தான் தலையாட்டுவார், அது மரியாதை என்றார் சீனியர். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் அத்தான் என்று கேட்டதற்கு, அதையும் நானே ஊட்டிவிட வேண்டுமா என்றார். வேலையில்லாமல் கிடந்தவனுக்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டிருந்தது. தெரிந்ததையெல்லாம் மறுபடி முதல் பாடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். அக்கா அறையைத் தாண்டும்போதெல்லாம், அதையாவது ஒழுங்காப் படி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனாலும் பையனுக்கு அதிர்ஷ்டம் ஒரேயடியாகக் கைவிடவில்லை. வேறு ஒரு கம்பெனியில் தேர்வு வைத்து, பிடித்துப்போய், திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். அக்கா அழுதுவிட்டாள். சீனியரும் பெரிய மனசு பண்ணி, பிழைத்துப் போ என்றார். அந்தக் கம்பெனிக்காரரும் மேனேஜரம்மாவும் பழைய சிநேகிதர்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பார்?

திங்கட்கிழமை போனவன் சாயங்காலத்துக்கு முன்னாலேயே திரும்பி வந்தான். சீனியர் அன்றைக்குச் சீக்கிரமே வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். என்னடா முதல் நாளே இவ்வளவு சீக்கிரம் விட்டுவிட்டார்களா என்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றான். ஏன் என்று கேட்டாள். அவன் அத்தானைப் பார்த்தான்.

"நான் முன்னாடி போன இன்டர்வியூல, பதிலை வீட்டுலயே தெரிஞ்சுக்கிட்டுப் போய் ஒப்பிச்சேனாம். அத்தானே அவங்க மேடம்கிட்ட அப்படிச் சொன்னாராம். இந்த லைன்ல இனி எங்கயும் கஷ்டம்னாங்க."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். ஒரு சொல் போதும், இல்லை என்கிற ஒரு சொல். சீனியர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"உனக்காகத்தான் சொல்லிக் கொடுத்தேன். நீ தினமும் அழுதியே. அதைக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியாம மாட்டிக்கிட்டான். அன்னைக்கு என் வேலை போயிருக்கும். வீட்டுல சொன்னா அவனுக்கு அசிங்கம்னு மறைச்சேன்."

அக்கா தம்பியின் முன்னால் போய் நின்று, அத்தான் சொல்லிக் கொடுத்தாரா இல்லையா என்று கேட்டாள். அவன் அவளைப் பார்த்தான். இந்த வீட்டில் ஒவ்வொரு சண்டையிலும் அவளுடைய பிறந்த வீட்டை இழுத்து இழுத்து அவர் பேசுவதைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக் கேட்டவன் அவன். உண்மையைச் சொல்லிவிட்டு இவன் போய்விடலாம். நாளைக்கும் மறுநாளும் இந்த மனிதரோடு இருக்கப்போவது அவள்தானே!

"ஆமாக்கா" என்றான்.

அவள் அவனை அறைந்தாள். சின்ன வயதில்கூட அடித்ததில்லை. உனக்குச் சோறு போட்ட மனுஷனின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தாயே, இனி என் முகத்தில் முழிக்காதே, இப்போதே கிளம்பு என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள்.

சுருட்டை லேப்டாப்பையும் நான்கு துணியையும் பைக்குள் போட்டான். சீனியர் கை கழுவிவிட்டு வாசல்வரை வந்தார். ஏதாவது சொல்லிவிட்டுப் போவானோ என்கிற பயம்தான், வழியனுப்புகிற எண்ணம் எல்லாம் இல்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான். கன்னத்தில் அக்காவின் விரல்கள் பதிந்திருந்தன.

"அத்தான், அந்தத் தப்பு இன்னொரு இடத்துலயும் இருக்கு. அன்னைக்கே பாத்தேன். சொல்ல வந்தேன், நேரம் முடிஞ்சுதுன்னு அனுப்பிட்டீங்க. அங்க முகவரி மட்டும் போகாது, கார்டு நம்பரும் சேர்ந்து போயிடும்."

எங்குமே இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது சீனியர்தான். எட்டி அவன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கடா? எந்த இடம்?"

சுருட்டை வாரை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

"நீங்கதானே அத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க."

படியிறங்கிப் போய்விட்டான். சீனியர் இரண்டு படி இறங்கினார், குரல் எடுத்துக் கூப்பிட வாயைத் திறந்தார், உள்ளே மனைவி இருப்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். திரும்பி வந்து கதவைச் சாத்தினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, போகும்போது என்ன சொன்னான் என்று கேட்டாள்.

"உங்கிட்டயும் எங்கிட்டயும் மன்னிப்புக் கேட்டான்" என்றார் சீனியர்.

அந்த மட்டுக்காவது புத்தி வந்ததே என்று சொல்லிவிட்டு, அவள் அவருடைய தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.