கூப்பிடு தூரம்

அப்பா என்னோடு பேசி நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரே வீடுதான். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்காருவோம். ஆனால் உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் கேட்பார். "உன் பொண்ணை அந்த உப்பை இப்படித் தள்ளச் சொல்லு." கோபம் வந்தால் நான் அம்மாவின் பெண். பரிசு வாங்கினால் அவருடைய பெண். எல்லா வீட்டிலும் நடக்கிற பாகப்பிரிவினைதான்.

மேல்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்று சொன்ன அன்று ஆரம்பித்தது. எவ்வளவு தூரம் என்று கேட்டார். விமானத்தில் பதினோரு மணி நேரம் என்றேன். "பொண்ணு கூப்பிடு தூரத்துல இருக்கணும். அவ்வளவுதான் நான் சொல்வேன்" என்றார். நிஜமாகவே அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. எனக்கும் வீம்புக்குக் குறைச்சலில்லை. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? நானும் திறக்கவில்லை.

நான் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊரிலுள்ள தொட்டிகளிலிருந்தெல்லாம் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வரும். குடிக்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஐந்து வருடமாகக் 'கூடாது' என்று எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எப்படி அதைக் 'கூடும்' ஆக்குவது என்று கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஆசை. அதற்கான படிப்பு அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. என்னைப் போல வேலையிலிருந்து வருகிறவர்களுக்கு அதில் இரண்டே இடம். பேராசிரியை நேரில் பத்து நிமிடம் பேசிப் பார்த்துத்தான் எடுப்பார், பேசாதவர்களை எடுப்பதில்லை என்று கடிதத்திலேயே போட்டிருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, அதே நாட்டில் ஒரு வாரப் பயிற்சிக்கு எங்கள் அலுவலகம் என்னை அனுப்பியது. பயிற்சி முடிந்த மறுநாள் பல்கலைக்கழகத்தில் பார்வையாளர் நாள். அதற்கு மறுநாள் காலையில் விமானம்.

கிளம்பும்போது அப்பா வாசலுக்கு வரவில்லை. உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அது முந்தின நாள் பேப்பர்.

பல்கலைக்கழக வாசலில் நீளமான மேஜை போட்டுப் பெயர் அட்டை கொடுத்தார்கள். நான் விண்ணப்பத்தில் எழுதிய மாதிரியே அப்பா பெயரும் என் பெயரும் ஒரே வரியில் அச்சாகியிருந்தன. சட்டையில் குத்திக்கொண்டேன். சுற்றிக் காட்ட வந்தவள் பச்சைச் சட்டை போட்ட ஒரு மாணவி. எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்துகொண்டு பேசினாள். எங்கே முட்டிக்கொள்வாளோ என்று எனக்குத்தான் பதைப்பாக இருந்தது.

கூட்டத்தில் எல்லோரும் குடும்பமாக வந்திருந்தார்கள். பிள்ளைகள் முன்னால் கைபேசியைப் பார்த்துக்கொண்டு போக, பின்னால் அம்மாக்கள் தண்ணீர் பாட்டிலோடு வந்தார்கள். கேள்வியெல்லாம் அப்பாக்கள்தான் கேட்டார்கள். விடுதிக் கதவுக்கு எத்தனை பூட்டு, நூலகம் எத்தனை மணிக்கு மூடும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது? நான் கேட்க நினைத்ததையெல்லாம் யாருடைய அப்பாவோ கேட்டுவிட்டார். பச்சைச் சட்டைப் பெண் என் அட்டையைப் பார்த்து என்னவோ ஒரு சத்தம் எழுப்பினாள். தொண்டையைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். பிறகு, உங்களோடு யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். அவள் முகம் ஒரு கணம் வாடியது. அடுத்த கட்டடத்துக்குப் பின்பக்கமாக நடந்தாள்.

புல்வெளி நடுவில் ஒரு குடும்பம் என்னிடம் கைபேசியை நீட்டியது. படம் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா, பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுவிட்டு, இன்னொன்று எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். உன்னையும் ஒன்று எடுக்கட்டுமா என்று கேட்பார்கள் என்று நான் கொஞ்சம் நின்றிருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

பதினொன்றரைக்கு நான் மட்டும் கூட்டத்தை விட்டு நீர்த்துறைக் கட்டடத்துக்குப் போனேன். இரண்டாவது மாடியில் நீளத் தாழ்வாரம், சுவரோரம் நாற்காலிகள், கடைசியில் பேராசிரியையின் அறை. என்னையும் சேர்த்து ஏழு பேர் இருந்தோம். நெட்டையான உதவியாளர் ஒருவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தவர், ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து ஒரு பெயரைக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் எழுந்து போவார். நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆளாக யாரையோ கூப்பிட்டார். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூன்றாம் முறை கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டுவிட்டுத் தாளில் ஒரு கோடு இழுத்தார். சே, இப்படியொரு வாய்ப்பு கிடைத்தும் வராத ஜென்மம் எதுவோ என்று நினைத்தேன். ஒரு போட்டி குறைந்ததில் சின்ன சந்தோஷம்கூட வந்தது. பொய் சொல்வானேன்.

ஒரு மணிக்குத் தாழ்வாரத்தில் நான் மட்டும் மிச்சம். உதவியாளர் வெளியே வந்து அறையைச் சாத்தினார். என்னைக் கூப்பிடவே இல்லையே என்றேன். தாளைப் பார்த்தார், என் சட்டையிலிருந்த அட்டையைப் பார்த்தார், கோடு இழுத்த இடத்தில் விரலை வைத்தார். அது அப்பாவின் பெயர்.

விண்ணப்பத்தில் 'முதல் பெயர்' என்று ஒரு கட்டம், 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தன. நமக்கு முதலில் வருவது இனிஷியல்தானே. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்திலிருந்து வேலை உத்தரவு வரைக்கும் அப்படித்தானே எழுதியிருக்கிறேன். இனிஷியலை விரித்து முதல் கட்டத்தில் அப்பாவை உட்கார வைத்துவிட்டு, என்னைக் கடைசியில் போட்டிருந்தேன். இந்த ஊரில் முதல் பெயரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவார்களாம். காலையில் பச்சைச் சட்டைப் பெண் தொண்டையைச் சரிசெய்யவில்லை. என் அப்பாவைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

அப்பா பெயரில் ஒரு ழகரம் உண்டு. நம் ஆட்களே பாதிப் பேர் அதை விழுங்கிவிடுவார்கள். உதவியாளர் வாயில் அது என்ன கதிக்கு ஆளானதோ, எனக்கு அடையாளமே தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எழுந்திருப்பேனா என்பது சந்தேகம்தான். வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. அம்மாவுக்கு 'என்னங்க', எனக்கு 'அப்பா', ஊருக்கு 'சார்'.

உதவியாளர் கெட்டவரில்லை. பேராசிரியைக்கு மூன்று மணி வரை வேறொரு கூட்டம், நாலு மணிக்கு ரயில், நடுவில் நேரம் கிடைத்தால் கூப்பிடுகிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கட்டடம் காலியானது. தாழ்வாரத்து விளக்குகள் ஆள் நடமாடினால்தான் எரியும் போலிருக்கிறது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் ஒவ்வொன்றாக அணைந்தன. கையை ஆட்டினால் தலைக்கு மேலே ஒன்று மட்டும் எரியும். பையிலிருந்த ரொட்டியைத் தின்றேன். சுவரிலிருந்த குழாயில் தண்ணீர் குடித்தேன். குளோரின் ஒரு துளி அதிகம். அதைச் சொல்லக்கூட பக்கத்தில் ஆளில்லை. இத்தனை பெரிய இடத்தில் என் பெயர் தெரிந்த ஒரு ஜீவன் கிடையாது என்று தோன்றியதும் அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

எடுத்தது அப்பா.

"உங்கம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கா" என்றார். சரி என்றேன். வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. அங்கே மின்விசிறி கடகடவென்று ஓடுவது கேட்டது. நான் மூக்கை உறிஞ்சியது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"என்ன ஆச்சு?"

நாலு மாதத்தில் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் முப்பத்தைந்து வருடம் பள்ளி ஆசிரியர். பையன்கள் வைத்த பெயர் 'ஆப்சென்ட்'. வருகைப் பதிவேட்டில் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். மூன்றுக்குள் 'உள்ளேன் ஐயா' வராவிட்டால் ஆப்சென்ட். எதிரே நின்றாலும் சரி. ஏழாம் வகுப்பில் நானும் அவர் வகுப்புதான். ஒருநாள் காலையில் வீட்டில் திட்டிவிட்டார் என்ற கோபத்தில், முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை. ஆப்சென்ட் போட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இன்று ஏன் பள்ளிக்கூடம் வரவில்லை என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார்.

"எத்தனை தடவை கூப்பிட்டாங்க?" என்றார் இப்போது.

"மூணு தடவைப்பா."

"மூணு தடவைன்னா முறைதான். அவங்க மேல தப்பில்லை." பிறகு மெதுவாகக் கேட்டார். "என் பேரையா கூப்பிட்டாங்க?"

"உங்க பேரைத்தான். காலையிலேர்ந்து இங்க எல்லாரும் உங்களைத்தான் கூப்பிட்டிருக்காங்க."

"ஒழுங்கா சொன்னாங்களா?"

"இல்லப்பா. ழ வரலை. ஒண்ணுமே வரலை."

"அப்ப அது கூப்பிட்டதுல சேராது" என்றார்.

அழுதுகொண்டே சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் இல்லை. இனி கூப்பிடுவார்களா என்று கேட்டார். தெரியவில்லை, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்கும்.

"அப்ப அங்கயே இரு. எங்கயும் எழுந்து போயிடாதே" என்றார். பிறகு, "போனை வைக்காதே."

வைக்கவில்லை. காது வலித்ததால் ஒலிபெருக்கியைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, அதனால் பேசவில்லை. அவர் இருமினார். தெருவில் ஏதோ வண்டி போனது. அணைந்த விளக்குக்கு நான் கையை ஆட்டினேன். அவர் அங்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா திரும்பி வந்து, யார் போனில் என்று கேட்டாள்.

"உன் பொண்ணுதான். கூப்பிடறாங்களான்னு பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார்.

மூன்று இருபதுக்குத் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் விளக்கு எரிந்தது. அடுத்தது எரிந்தது. உதவியாளரும் பேராசிரியையும் வேகமாக நடந்து வந்து அறைக்குள் போனார்கள். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. உதவியாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாழ்வாரத்தில் என்னைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை என்று தெரிந்தும், முறைப்படி தாளைப் பார்த்துக் கூப்பிட்டார். இந்தத் தடவை பாவம், முயற்சி எடுத்திருந்தார். ழ வரவில்லை. ஆனால் அது அப்பாவின் பெயர்தான்.

நான் எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள், கையிலிருந்த போனிலிருந்து குரல் வந்தது. முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் சொல்லக் கேட்டதை, பின் பெஞ்சுப் பையன் மாதிரி அவசரமாக, உரக்கச் சொன்னார்.

"உள்ளேன் ஐயா."