கத்தரிக்காயில் பழகிய கை

ஸுல்பிகா படம் எடுக்கப் பழகியது கத்தரிக்காயில். வேறு வழியிருக்கவில்லை. வீட்டில் உயிருள்ள எதுவும் அவளுடைய கெமராவுக்கு முன்னால் நிற்கச் சம்மதிக்கவில்லை. மச்சி அஸ்மியா கெமராவைக் கண்டாலே முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொள்வாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தங்கள் படம் எந்தப் போனில் போய் ஏறுமோ என்று பயம். மூத்த மகள் இரண்டு நிமிடம் நிற்பாள், மூன்றாவது நிமிடம் டியூசன் ஞாபகம் வந்துவிடும். கத்தரிக்காய் மட்டும்தான் வைத்த இடத்தில் இருந்தது, முகம் சுளிக்கவில்லை, எத்தனை தடவை எடுத்தாலும் போதுமென்று சொல்லவில்லை.

கெமரா கட்டாரிலிருந்து வந்தது. அங்கே டிரைவராக இருக்கும் அவளுடைய புருஷன் முனாப், வேலை முடிந்து நாட்டுக்குத் திரும்பிய பிலிப்பைன்ஸ்காரன் ஒருவனிடம் வாங்கி அனுப்பியிருந்தான். பிளாஷ் மட்டும் எழும்பாது, உள்ளே மணல் போய்விட்டது என்றான். சாய்ந்தமருது, கல்முனைப் பக்கம் கலியாண வீடுகளில் ஆண்கள் பக்கத்துக்குப் படம் எடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. பெண்கள் பக்கத்துக்குப் பெண்தான் போகவேண்டும், அப்படிப் போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாட்டுக்குத் திரும்ப நான்கு வருஷமாக ஏதாவது ஒரு வழி சொல்லிக்கொண்டிருக்கும் முனாப், நீ பழகிக்கொண்டால் நான் வந்துவிடலாம் என்று இந்த வருஷம் சொன்னான்.

பழகிக்கொள் என்பது சொல்லச் சுகமான சொல். விடிகாலைச் சுபஹு தொழுதுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால், சோறு கறி, இரண்டு பிள்ளைகள், எட்டு மணிக்குப் பாலர் பாடசாலை, அங்கே முப்பத்திரண்டு மூக்குகளைத் துடைத்துவிட்டு வந்தால் தையல் மெசினில் பிளவுஸ் துணி குவிந்துகிடக்கும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கிடைக்கிற அரை மணிநேரத்தில் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, கெமரா பாடம் சொல்லும் ஒருவனின் வீடியோவைப் பார்ப்பாள். அவன் சொன்னதில் அவளுக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: வெளிச்சம் குறைந்த அறையில் ஐ.எஸ்.ஓ எண்ணைக் கூட்டினால் படம் வெளிக்கும், ஆனால் ரவை கொட்டியது போலப் புள்ளி விழும். ஷட்டர் திறந்து மூடுவதை மெதுவாக்கினாலும் வெளிக்கும், புள்ளி விழாது. அதற்குப் பிறகும் அவன் ஏதோ சொன்னான். அதற்குள் ஸுல்பிகா கதிரையில் இருந்தபடியே தூங்கிப்போனாள். கண்விழித்தபோது போனில் வேறு யாரோ கோழி பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்ட மட்டும் போதுமென்று தோன்றியது. ஐ.எஸ்.ஓ நானூறு, ஷட்டர் செக்கனில் பதினைந்தில் ஒன்று. முழங்கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமர்த்தினால், டியூப்லைட் வெளிச்சத்திலேயே கத்தரிக்காயின் காம்பு முள் வரைக்கும் தெரிந்தது. எண்களைக் கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கெமரா உறைக்குள் மடித்து வைத்தாள். ஒரு பாடம் முடிந்த நிம்மதி. இனி இதைப்பற்றி யோசிக்கத் தேவையில்லை என்பதுதான் அந்த நிம்மதியில் பெரிய பங்கு.

ஸகியா ராத்தா கூப்பிட்டது அந்த மாதத்தில்தான். இருவரும் பாலர் பாடசாலையில் எட்டு வருஷம் ஒரே மேசையைப் பகிர்ந்த டீச்சர்மார், ஸகியா மூத்தவள். பிறகு ஸகியாவுக்குக் கிட்னி பழுதானது. கிழமைக்கு இரண்டு தரம் ஆசுபத்திரியில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு, சம்மாந்துறையில் வீட்டோடு இருந்தாள். ஒரே மகள் ஸம்றாவுக்குக் கலியாணம். பெண்கள் பக்கத்துப் படத்துக்கு ஸுல்பிகாதான் வரவேண்டும் என்றாள். இன்னும் சரியாகப் பழகவில்லை என்று ஸுல்பிகா மழுப்பியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மத்தப் படமெல்லாம் நீ எப்பிடியும் எடு," என்றாள். "நானும் மகளும் இரிக்கிற மாதிரி ஒண்டு மட்டும் வடிவா எடுத்துத் தா. நான் மௌத்தாப் போனாலும் புள்ளைக்கிட்ட என்ட மொகம் இரிக்கணும்."

ஸகியாவுக்கு அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படம் கிடையாது. கடலோரத்தில் இருந்த காலம், சுனாமியில் கடல் வந்த அன்று ஒரு வயது ஸம்றாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள். கலியாண அல்பத்தைத் தூக்க இன்னொரு கை இருக்கவில்லை. அதன் பிறகு படமெடுக்கும் மனசே வரவில்லை என்பாள்.

கலியாணத்தன்று மாவடிப்பள்ளி வயல்களைத் தாண்டி ஓட்டோவில் போகும்போதே ஸுல்பிகாவுக்குக் கண் சொருகியது. வீட்டில் நுழைந்ததும் பெண்வீட்டார் உறை பிரிக்காத புதிய மெமரி கார்ட் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அங்கே அதுதான் ஒழுங்கு. கார்ட் அவர்களுடையது, வேலை முடிந்ததும் கழற்றிப் பெண்ணின் உம்மாவின் கையில் கொடுத்துவிட வேண்டும். பெண்களின் படம் ஒன்றுகூட எடுத்தவளோடு வீடு போகக் கூடாது. நல்ல ஒழுங்குதான். ஆனால் இதில் ஒரு பொல்லாப்பு இருந்தது. எடுத்த படத்தை எடுத்தவள் பெரிதாய் ஒருபோதும் பார்க்கமாட்டாள்.

கலண்டர் தாளைப் பார்த்து எண்களை வைத்தாள், பிறகு அதைத் தொடவேயில்லை. கேக்கை எடுத்தாள், நகைப் பெட்டியை எடுத்தாள், மாப்பிள்ளை வீட்டுப் பலகாரத் தட்டுகளை எடுத்தாள். மணப்பெண்ணை எடுத்தாள், அவளைச் சுற்றிச் சிரித்த சாச்சி, மாமிமாரை எடுத்தாள். கெமராவின் முதுகில் நெருப்புப்பெட்டி அளவில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தன. மதியமாகும்போது ஸுல்பிகாவின் இடுப்பு இரண்டாகப் பிளந்தது.

ஸகியா உள்ளறையில் கதிரையில் சாய்ந்திருந்தாள். முதல் நாள்தான் ஆசுபத்திரிக்குப் போய்வந்தவள், எழுந்து நிற்க முடியவில்லை. ஸம்றா உடுப்பெல்லாம் சரசரக்க வந்து கதிரையின் கையில் அமர்ந்து, உம்மாவின் முக்காட்டைச் சரிசெய்து, கன்னத்தோடு கன்னம் வைத்தாள். வெளியே அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் சிரிங்களன் உம்மா. கல்லு மாதிரி இரிக்கிறீங்க," என்று அவள் சிரித்தாள்.

ஸுல்பிகா மூச்சைப் பிடித்து அமர்த்தினாள். இன்னொன்று எடுப்பதற்குள் ஸம்றாவை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சரியாக வந்ததா என்று ஸகியா கேட்டாள். ஸுல்பிகா சின்னத் திரையைப் பார்த்தாள். இரண்டு முகம், ஒரு கதிரை. நல்லா வந்திரிக்கி ராத்தா என்றாள். மூக்குக்கண்ணாடி பக்கத்தில் இல்லாததால் ஸகியா தான் பார்க்கவில்லை, அவள் சொன்னதை நம்பினாள். மாலையில் ஸகியா கார்டை வாங்கி லேஞ்சித் துணியின் முனையில் முடிந்து அலுமாரிக்குள் வைத்தாள்.

பத்து நாள் கழித்துப் பாலர் பாடசாலையில் கலைவிழா. மண்டபத்துக்குள் பிள்ளைகள் ஆடியதை ஸுல்பிகா தன் சொந்தக் கார்டில் எடுத்து, பாடசாலை லெப்டொப்பில் போட்டுப் பார்த்தாள். மேடை தெளிவு. பின்னால் ஒட்டிய கடதாசிப் பூக்கள் தெளிவு. பிள்ளைகள் ஒருவருக்கும் முகமில்லை. ஈரக் கையால் அழித்த சிலேட்டுப் போல இருந்தார்கள். அன்றைக்கே அந்த வீடியோவைத் தேடியெடுத்து, தூங்கிப்போன இடத்திலிருந்து கேட்டாள். அசையாத பொருளுக்குத்தான் மெதுவான ஷட்டர், மனிதர் என்றால் குறைந்தது நூற்றிருபத்தைந்தில் ஒன்றாவது வேண்டும், மனிதர் அசைவார்கள் என்று அவன் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மனிதர் அசைவார்கள். இதைச் சொல்ல ஒரு வீடியோ வேண்டியிருக்கிறது என்று ஸுல்பிகாவுக்குத் தன்மேல் ஆத்திரம் வந்தது.

கலியாண வீட்டிலும் அதே எண்கள்தான், செய்யவேண்டியது தெளிவாகத்தான் இருந்தது. சம்மாந்துறை கடல் கடந்த ஊரில்லை. போய், ராத்தா, படம் பழுது, இன்னொன்று எடுப்பம் என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை போகலாம் என்றிருந்தாள், சின்னவனுக்குக் காய்ச்சல். அடுத்த நாள் யாரோ ஒருத்தியின் ஆறு பிளவுஸ். அதற்கடுத்த கிழமை கெமராவையும் எடுத்துக்கொண்டு காரைதீவுச் சந்தி வரைக்கும் போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. வந்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கால் மணிநேரம் நின்றாள், குதிக்கால் வலித்தது, திரும்பி வந்துவிட்டாள். அன்று போனில் கதைத்தபோதும் சொல்ல வாயெடுத்தாள். கார்ட் பத்திரமாக இருக்கிறது, மாப்பிள்ளையோடு வெளியூர் போன மகள் நோன்பு மாதத்துத் தலைநோன்புக்கு வந்ததும் ஒன்றாக இருந்து பார்ப்போம் என்று ஸகியா சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸுல்பிகா வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை ஸகியா மௌத்தானாள்.

ஜனாஸா வீட்டில் பெண்கள் ஒவ்வொருவராகப் போய் முகம் பார்த்தார்கள். ஸுல்பிகா பார்த்துவிட்டு அறை மூலையில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். எட்டு வருஷப் பழக்கமல்லவா என்று பக்கத்திலிருந்தவர்கள் முதுகைத் தடவிவிட்டார்கள். அவள் அழுதது காரைதீவுச் சந்தியில் நின்ற அந்தக் கால் மணிநேரத்துக்காக.

நாற்பதாம் நாள் கழிந்து ஒரு பின்னேரம் ஸம்றா வந்தாள். லேஞ்சி முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே கொண்டுவந்திருந்தாள். உம்மா வைத்த இடத்திலேயே இருந்ததாகவும், தனியே பார்க்கத் தைரியம் வரவில்லை என்றும் சொன்னாள். பாடசாலை லெப்டொப் அன்று ஸுல்பிகாவின் வீட்டில்தான் இருந்தது. ஸுல்பிகா அதைத் திறக்கவில்லை.

"படம் பழுது மகள்," என்றாள். "எனக்கு எடுக்கத் தெரியல்ல. தெரிஞ்ச பொறகும் நான் வரல்ல. உன்ட உம்மா உசிரோட இரிக்கக்குள்ளயே எனக்குத் தெரியும்."

ஸம்றாவின் முகம் இறுகியது. லேஞ்சி முடிச்சை அவிழ்த்துக் கார்டை நீட்டினாள். பிறகு, பழுதென்றாலும் பரவாயில்லை, போடுங்க என்றாள்.

போட்டாள். கேக்கின் ஒவ்வொரு சீனிப்பூவும் தெரிந்தது. சங்கிலியின் கண்ணிகளை எண்ணலாம். பலகாரத் தட்டில் எறும்பு ஒன்று ஊர்ந்திருந்தால் அதுகூடக் கோடாக விழுந்திருக்கும். மனிதர்கள் வரத் தொடங்கியதும் எல்லாம் கலங்கிப்போனது. சாச்சிக்கு இரண்டு மூக்கு. மாமியின் கை புகைபோல. மணப்பெண் எந்தப் படத்திலும் முழு மணப்பெண்ணாக இல்லை. ஸுல்பிகா ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனாள்.

கடைசியில் அந்தப் படம் வந்தது.

கதிரையின் கையில் இருந்த ஸம்றாவுக்கு முகமே இல்லை. ஒரு சிவப்புக் கலங்கல், அதற்குள் பல் வரிசையாக ஒரு வெள்ளைக் கோடு. அவளுக்குப் பக்கத்தில் ஸகியா இருந்தாள். முழுதாக இருந்தாள். முக்காட்டில் குத்திய ஊசி, புருவத்தில் நரைத்த ஒற்றை மயிர், உதட்டின் வெடிப்பு, கையில் ஊசி போட்ட இடத்தில் ஒட்டிய பிளாஸ்டர், அதன் ஓரம் உரிந்திருந்தது. கண்கள் கெமராவைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஸுல்பிகாவுக்கு உடனே விளங்கியது. விளங்கியதும் லெப்டொப்பை மூடிவிடலாமா என்றிருந்தது.

"உம்மா மட்டும் எப்பிடி இவ்வளவு தெளிவா?" என்று ஸம்றா கேட்டாள்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம், ஸகியாவிடம் ஒன்று சொன்னவள்தானே. ஸுல்பிகாவுக்கு இரண்டாவது சொல்லத் தெம்பில்லை.

"அசைஞ்ச ஆக்கள் எல்லாம் கலங்கிப் போனாங்க," என்றாள். "அவ அசையல்ல மகள். அசையிறத்துக்கு அவக்கு ஏலாம இருந்திச்சு."

ஸம்றா திரைக்குக் கிட்ட நகர்ந்தாள். உம்மாவின் கண்ணுக்குப் பக்கத்தில், படாமல், ஒரு விரலை வைத்தாள்.

"கல்லு மாதிரி இரிக்கிறீங்க எண்டு சென்னன்," என்றாள். "நான் அண்டைக்கு உம்மாட மொகத்தப் பாக்கவேயில்ல."

ஸுல்பிகாவும் பார்க்கவில்லை. அவளுடைய கண் முழுக்க ஷட்டரின் பதினைந்தில் ஒன்றில்தான் இருந்தது. எழுந்துபோய் இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து ஸம்றாவுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தாள். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் இருவரும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.