எதிர்க்கரையை இழுத்த குதிரை

அலெக்ரீம் என்ற கிழட்டுக் குதிரை பழைய நடை ஒன்றை மறுபடி கற்றுக்கொண்ட வருஷம், எங்கள் ஆற்றின் எதிர்க்கரை இந்தக் கரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மத்தி மீன் விலை ஏறியதும் அந்த வருஷம்தான். போர்த்துகலில் எங்கள் ரிபாதேஜு சமவெளியில் குதிரைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால், ஊரில் முதலில் மீனைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள்.

அலெக்ரீமுக்கு அப்போது வயது இருபத்தொன்று. கறுப்பாகப் பிறந்து, சாம்பலாகி, முழு வெள்ளையாகிவிட்டிருந்தது. அதை வைத்திருந்தவள் பெலிஸ்மீனா. அவளும் அண்ணன் அனக்லேத்துவும் சின்ன வயதில் ஒரே பெட்டைக் குதிரையின் முதுகில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து சவாரி பழகியவர்கள். அவன் கடிவாள வார்களைப் பிடிப்பான், அவள் பிடரிமயிரைப் பிடிப்பாள். அந்தக் காலத்தில் இருவரையும் தனித்தனியாக யாரும் கூப்பிட்டதில்லை. அலெக்ரீமுக்கு ஐந்து வயதானபோது அனக்லேத்து அதற்குப் பியாஃபே பழக்கினான். முன்னே ஓர் அடிகூடப் போகாமல், நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் துள்ளும் நடை அது. குதிரை முதன்முதலாகச் சரியாகத் துள்ளிய உடனே சவாரிக்காரன் இறங்கி, சேணப்பட்டையைத் தளர்த்தி, குதிரையோடு நடந்தே வீடு திரும்ப வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அனக்லேத்து சந்தோஷத்தில் இறங்க மறந்தான். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று இருட்டும்வரை கேட்டான். குதிரையின் பின்னங்கால் நரம்பு பிசகியது. சூப் ஆறுவதற்குள் தங்கை சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொன்னாள். அண்ணன் தன் சேணத்தைத் தூக்கிக்கொண்டு படகேறி, எதிர்க்கரையில் வீடு பிடித்தான். அதன்பின் இருவரும் அந்தப் படகில் கால் வைக்கவில்லை.

பதினாறு வருஷம் போயிற்று. ஒருநாள் படகோட்டி சபீனு செய்தி கொண்டுவந்தான்.

"அக்கா, அண்ணனுக்குப் பார்வை மங்கிக்கிட்டே வருது. குளிர்காலம் வரைக்கும்தான் தாங்கும்னுட்டாரு டாக்டர். தினம் சாயங்காலம் ஆரஞ்சு மரத்தடியில உக்காந்து இந்தப் பக்கமே பாக்கறாரு. வெள்ளையா என்னமோ அசையுது, குதிரையா காயப்போட்ட துணியான்னு தெரியலைங்கறாரு."

"துணின்னே சொல்லு போ" என்றாள் பெலிஸ்மீனா.

மறுநாளே குதிரையை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனாள். அவனுடைய கண் அவிந்துபோவதற்குள் அலெக்ரீம் அந்த நடையைப் போடுவதை அவன் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நடை பழக்கும் குச்சியைக் கண்டாலே குதிரை தலையைத் தூக்கிப் பின்வாங்கியது. பழைய வலி மறக்கவில்லை. குச்சியை ஆற்றில் எறிந்தாள். ஏறி உட்கார்ந்து, மூட்டுகள் இளகும்வரை மெதுநடை விட்டு, பிறகு நாக்கால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்தாள். ஒரு பின்னங்கால் மேலெழுந்தால் போதும், வாரைத் தளர்த்திவிட்டு உலர்ந்த அத்திப்பழம் ஒன்றைக் கொடுத்தாள். கோடை முடிவதற்குள் குதிரை நாலு கால்களையும் குறுக்காக மாற்றி மாற்றித் துள்ள ஆரம்பித்தது.

குதிரை முன்னே போகவில்லை, ஆனால் நிலம் பின்னே போயிற்று. ஒரு நாள் ஒரு சாண், நல்ல நாளென்றால் ஒரு முழம். எதிர்க்கரை அந்த அளவுக்குக் கிட்டே வந்தது. அவளுக்குப் பின்னால் ரொட்டிக்கடைத் தெரு அதே அளவுக்கு நீண்டது. கடைசி வீட்டுக்கு ரொட்டி ஆறிப்போய் வருகிறதென்று புகார் எழுந்தது.

"அக்கா, உங்க குதிரை என் பொழப்புல மண்ணள்ளிப் போடுது" என்றான் சபீனு. "ரெண்டு துடுப்பு போடறதுக்குள்ள கரை வந்து முட்டுது. சனங்க ஏறி உக்காரவே வெக்கப்படுதுங்க."

"அப்போ துடுப்பைப் பாதியா வெட்டிக்க."

அக்டோபர் கடைசியில், ஆரஞ்சு மரத்தில் காய்களை எண்ணும் தூரத்துக்கு எதிர்க்கரை வந்துவிட்டது. அன்று அலெக்ரீம் துள்ளிய துள்ளலை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. அனக்லேத்து நாற்காலியை விட்டு எழுந்தான். தண்ணீர் விளிம்புவரை வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். பார்த்துவிட்டான். பெலிஸ்மீனாவுக்கு அத்தோடு போதவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தால் அவன் கையையே தொட்டுவிடலாம் என்று தோன்றியது. மறுபடி நாக்கைத் தட்டினாள். மறுபடியும். கரை நகர்ந்தது. குதிரையின் விலாவில் நுரை தள்ளியது, தொடை நடுங்கியது.

"இறங்குடி!" அனக்லேத்து கத்தினான். "கழுதை! போதும், இறங்கு! நான் கெடுத்தது பத்தாதா?"

அவள் இறங்கினாள். பட்டையைத் தளர்த்தினாள். கரை நின்றுவிட்டது. நடுவே, ஒரே தாவலில் தாண்ட முடியாத அளவுக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது.

"நடையைப் பாத்தியாண்ணே?"

"பாத்தேன். இடது பின்னங்கால் கொஞ்சம் சோம்பேறி."

"வந்து நீயே அதுகிட்ட சொல்லு."

அவன் காலணியைக்கூடக் கழற்றவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்து வந்து, குதிரையின் பின்னங்காலைத்தான் முதலில் தடவினான்.

அந்தக் குளிர்காலத்தில் அவனுக்குப் பார்வை போயிற்று. அலெக்ரீம் இன்னும் சில வருஷம் இருந்து, ஒரு மத்தியானம் புல்லில் படுத்து எழாமல் போனது. எதிர்க்கரை வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்து அளந்து, வரைபடத்தைத் திருத்தி, ஒரு பலகைப் பாலம் போட்டுவிட்டுப் போனான். சபீனு அதன் பக்கத்தில் மத்தி மீன் சுட்டு விற்கிறான். ஆறு இந்த இடத்தில் மட்டும் ஏன் இத்தனை ஒடுக்கம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், "இங்க ஒரு குதிரைக்கு நடை பழக்கினாங்க" என்கிறான். "எலுமிச்சை பிழியட்டுமா?"