நீளமான ஒரு ‘போ’

அக்காவின் குரலை மட்டும் கேட்டால் சரியாக இருந்தது. பியானோவை மட்டும் கேட்டாலும் சரியாக இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் அக்கா சுருதி இறங்கிப் பாடினாள். அதுவும் பாட்டு முழுக்க அல்ல. பல்லவியின் கடைசியில் வரும் நீளமான ‘போ’வில் மட்டும்.

பியானோ வாசித்த தம்பி காலையிலிருந்து இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் நேற்றுத்தான் வந்துவிட்டுப் போயிருந்தார். அக்காவுக்கு ஜலதோஷம் இல்லை. மைக்கை மாற்றியாயிற்று. ஹெட்போனையும் மாற்றியாயிற்று.

“இன்னொரு தடவை போகலாமா மேடம்?” கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் கேட்டார்.

“பாட்டுலயும் போ, நீங்களும் போகலாமாங்கறீங்க. நான் எங்கதான் போறது?”

அக்கா ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் எறிந்தாள். அது தொங்கி ஆடியது.

‘கதவுப் பாட்டு’ என்றால் எல்லோருக்கும் தெரியும். வேலை செய்கிற பெண்கள் சேர்ந்து பாடிய பழைய மெட்டு. வெளியே ஒருவன் கதவைத் தட்டுகிறான். உள்ளே இருப்பவள் திறக்காமலேயே அவனைத் திட்டித் தீர்த்து, கடைசியில் ‘போ’ என்கிறாள். அந்த மெட்டுக்கு அடியில் ஒரு பியானோவை வைத்து, அக்கா சின்ன வயதில் பாடி, பஸ்ஸிலும் சலூனிலும் ஒலித்து, அவளுக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டு. இப்போது கம்பெனி அதை அதே குரலில் புதிதாகப் பதிவு செய்து தரக் கேட்டிருந்தது.

அக்கா ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். பழைய பாட்டில் பியானோ வாசித்தவர், அதற்கான இசைக்கோவையை எழுதியவர், அவளுடைய கணவர். அவர் அவளை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன; வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தார்.

“அந்த ஆளோட ஒரு விரல்கூட இதுல இருக்கக் கூடாது,” என்றாள் தம்பியிடம். “எல்லாத்தையும் நீ புதுசா எழுது.”

தம்பி எழுதினான். ஒன்றை நீக்கும்போது மட்டும் அவனுக்கு மனசு வரவில்லை. இரண்டாவது சரணத்தில் பாட்டு ஒரே ஸ்வரத்தில் அசையாமல் நிற்கும். அப்போது பியானோவின் இடது கை மட்டும் ஸ, நி, த, ப என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். நிற்கிற ஸ்வரம் ஒன்றுதான்; ஆனால் அடியில் ஒவ்வொரு படி மாறும்போதும் அதற்கு வேறு முகம் வந்துவிடும். கேட்பவனுக்கு, கதவுக்கு வெளியே யாரோ படி இறங்கிப் போவது போல இருக்கும். “இதையாவது வெச்சுக்கலாம்க்கா,” என்று கெஞ்சினான். “தூக்கு,” என்றாள்.

பல்லவியின் முடிவைப் பற்றி அவனுக்கு அந்த வருத்தம் இல்லை. பழைய பாட்டில் அந்த இடத்தில் பியானோ ஒல்லியாக ஒலிக்கும். விரல் வைக்கச் சோம்பல் என்றுதான் தம்பி நினைத்திருந்தான். அதனால் ‘போ’வுக்கு அடியில் இரண்டு கைகளாலும் ஸ, க, ப என்று முழுசாக நிரப்பியிருந்தான்.

“கம்பெனியில இருந்து மெசேஜ் வந்திருக்கு மேடம்,” என்றார் ஒலிப்பதிவாளர். “அந்த ஒரு இடத்தை மெஷின்ல லேசா மேலே இழுத்துக்கலாமாம். அது வேணாம்னா அவங்க ஒரு புதுப் பொண்ணைப் பாட வெச்சுப்பாங்களாம். சாயந்திரத்துக்குள்ள சொல்லணுமாம்.”

“என் ‘போ’வை மெஷின் சொல்லுமா? மெஷின் சொன்னா எவன் போவான்?”

“ஒரு மயிரிழைதான் மேடம். யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே!”

தம்பி பியானோவை விட்டு எழுந்து வந்தான். மெதுவாகத்தான் சொன்னான். “அக்கா, கோவிச்சுக்காதே. வயசானா எல்லாருக்கும் இப்படி ஆகறதுதான். இதுல தப்பு ஒண்ணும் இல்ல.”

அக்கா அவனைப் பார்த்த பார்வையில் ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏன்டா, எனக்கு ‘போ’வுல மட்டும்தான் வயசாகுமா? மத்த வரியிலெல்லாம் குமரியாவே இருக்கேனா? வாயிருக்குன்னு பேசிடறதா?”

தம்பிக்குச் சுருக்கென்றது. அவமானத்தால் அல்ல, அவள் கேட்டதில் நியாயம் இருந்ததால். குரல் தளர்ந்திருந்தால் எல்லா இடத்திலும் அல்லவா தளர்ந்திருக்க வேண்டும்?

“பழைய பாட்டைப் போடச் சொல்லு,” என்றாள். “அதுல நான் எங்கே நிக்கிறேன்னு அந்த மெஷினையே கேளு.”

ஒலிப்பதிவாளர் போட்டார். திரையில் குரல் ஒரு கோடாக ஓடியது. பியானோவின் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கிடைக்கோடு இருந்தது. ‘போ’ வந்தபோது குரலின் கோடு தன் கிடைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஆடாமல் அசையாமல் நின்றது. இன்று பாடியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே இடம்.

“மேடம், நீங்க அப்பவும் இறங்கித்தான் பாடியிருக்கீங்க,” என்றார் அவர், தயங்கி.

“ஆனா இறங்கின மாதிரி கேக்கலையே,” என்றான் தம்பி. “இன்னொரு தடவை போடுங்க. குரலை விடுங்க. நான் பியானோவைக் கேக்கறேன்.”

கேட்டான். மறுபடி கேட்டான். பிறகு பியானோவுக்கு ஓடிப்போய், காதில் விழுந்ததை வாசித்துப் பார்த்தான். ஸ. ப. நடுவில் ஒன்றும் இல்லை. பாட்டின் மற்ற இடங்களில் மூன்று ஸ்வரமும் இருந்தன. இந்த ‘போ’வில் மட்டும் க இல்லை.

“மாமா இந்த இடத்துல…”

“எந்த மாமா?”

“சரி, அந்த ஆளு. அந்த ஆளு இங்கே க-வை எடுத்துட்டாருக்கா. நீ இழுக்கறதும் க-தான். இங்கே வந்து காதை வை.”

கீழ்க்கட்டையில் ஸ-வை அழுத்தி, விரலை எடுக்காமல் வைத்திருந்தான். சத்தம் அடங்க அடங்க, அதற்குள்ளிருந்து மெல்லியதாக இன்னொரு ஸ்வரம் எழுந்தது. தம்பூராவில் ஸ-வை மீட்டினால் யாரும் மீட்டாத ஒரு க கேட்குமே, அதுதான்.

“இது கம்பி தானா குடுக்கற க. இப்ப கட்டையில இருக்கற க-வைக் கேளு.” அதை அழுத்தினான். அது ஒரு பொடி மேலே இருந்தது. “பியானோவுல எந்தச் சுருதிக்கு வேணும்னாலும் வாசிக்கணுமில்ல? ஒரே சாவியால பன்னெண்டு பூட்டையும் திறக்கற மாதிரி செஞ்சிருக்காங்க. அதுக்காக ஒவ்வொரு ஸ்வரத்தையும் கொஞ்சம் நகர்த்தியிருக்காங்க. ப அவ்வளவா நகரலை. க நல்லாவே மேலே போயிடுச்சு. நீ கம்பியோட க-வைப் பாடறே. நான் கட்டையோட க-வை அடிக்கறேன். சட்டுனு வந்து போற இடத்துல ரெண்டும் உரசறது தெரியாது. ‘போ’ நீளமா நிக்குது, அதனால தெரியுது. நீ இறங்கலைக்கா. நான்தான் உன் இடத்துல ஏறி உக்காந்திருந்தேன்.”

அக்கா பியானோவின் மேல் கை வைத்தபடி நின்றாள். அவள் சமாதானம் ஆகிவிடுவாள் என்று தம்பி நினைத்தான். அவள் முகம் இன்னும் சிவந்தது.

“அப்போ அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“ஆமா.”

“என் குரல் எங்கே நிக்கும்னு தெரிஞ்சு இடம் விட்டிருக்கான். வீட்டுல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் பேச இடம் விட்டானா? பாட்டுல விட்டிருக்கான் பாரு, மகராசன்!” அவள் ஓங்கித் தட்டியதில் பியானோவின் கம்பிகள் எல்லாம் சேர்ந்து முனகின. “வருஷக்கணக்கா மேடையில ‘போ’ன்னு பாடினேன். ஒரு நாள் நிஜமாவே போயிட்டான். இப்ப இங்கேயும் வந்து நிக்கறான்.”

“அவர் எங்கேக்கா நிக்கறார்? அவர் விரல் இருக்கக் கூடாதுன்னுதானே சொன்னே? இது அவர் வைக்காத விரல்.”

“வக்கீல் மாதிரி பேசாதே.”

“அப்போ மெஷினுக்குக் குடுத்துடலாமா?”

அக்கா, தொங்கிக்கொண்டிருந்த ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டினாள். மைக்குக்கு முன்னால் போய் நின்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அந்தப் படி இறங்கறதையும் சேர்த்துக்கோ,” என்றாள். “அவன் இறங்கிப் போற சத்தம் நல்லா கேக்கட்டும்.”

தம்பி வாசித்தான். அக்கா திட்ட ஆரம்பித்தாள். பாட்டில் உள்ள வசவுகள் அவ்வளவும் அன்றைக்குப் புதிதாகச் சொன்னவை போல வந்தன. இரண்டாவது சரணத்தில் இடது கை படி இறங்கியது. பல்லவி திரும்பி வந்தது. ‘போ’வில் தம்பி நடுவிரலைத் தூக்கிக்கொண்டான். குரல் நின்ற இடத்தில் நின்றது. திரையில் கோடு எப்போதும் போலச் சற்றுக் கீழேதான் இருந்தது.

ஒலிப்பதிவாளர் திரையை அணைத்துவிட்டு வெறும் காதால் மறுபடி கேட்டார். “சரியா இருக்கு மேடம். கம்பெனிக்கு என்ன எழுத?”

“மெஷின் வேணாம், புதுப் பொண்ணும் வேணாம்னு எழுதுங்க,” என்றாள் அக்கா.

தம்பி பென்சிலை எடுத்துத் தன் தாளில் திருத்தினான். நீளமான ‘போ’ வருகிற இடத்தில் பியானோ ஸ-வும் ப-வும் மட்டும் வாசிக்க வேண்டும். க-வை அக்கா பாடுவாள்.