தர்குட் வம்சத்தில் ஒரு திருடன்கூட இல்லை

எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தைப் பற்றிப் பெருமையாகப் பேச வேண்டுமென்றால், அவர்களுடைய மூதாதை என்ன திருடிவிட்டு இங்கிலாந்திலிருந்து தாஸ்மேனியாத் தீவுக்குக் கைதியாகக் கப்பலேற்றப்பட்டார் என்பதில்தான் தொடங்க வேண்டும். நான் தொடங்குவதில்லை. என் பக்கம் நாலு பேர் உண்டு. ஒருவர் தேவாலயக் கூரைத் தகடு, ஒருத்தி எஜமானியின் பட்டுப் பாவாடை, மற்ற இருவரும் ஆடு. இதையெல்லாம் வெளியே சொல்லாமல் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

உருளைக்கிழங்கு விவசாயி கிளாரி தர்குட் அப்படியில்லை. தன் முப்பாட்டன் ஜோசையா குதிரை திருடியவர் என்பதை, உருளைக்கிழங்கு வாங்க வருகிறவர்களிடம்கூட மூட்டை கட்டும்போதே சொல்லிவிடுவார். அவர் வீட்டுத் தபால்பெட்டியில் ஒரு குதிரை வரைந்திருக்கும். பார்ப்பவர்கள் நாய் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மார்ச் மாதத்தில் எங்கள் ஊர் ஓடையில் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். இந்தக் கரையில் கைதி வம்சத்தார், அந்தக் கரையில் கட்டணக்காரர்கள். அதாவது, சொந்தக் காசில் கப்பலேறி தாஸ்மேனியாவுக்கு வந்தவர்களின் வாரிசுகள். தோற்கிற பக்கம் தண்ணீரில் விழும். எனக்கு நினைவு தெரிந்து நாங்கள் விழுந்ததில்லை. காரணம் கிளாரி. கயிற்றின் கடைசி முனையைத் தோளில் சுற்றி, குதிகாலை மண்ணில் புதைத்து அவர் பின்னால் சாய்ந்தால், ஒரு தானியக் கிடங்கு சாய்கிற மாதிரி இருக்கும். அவருக்கு முன்னால் நிற்பது நான். அந்த ஒரு நாளுக்காகத்தான் அந்த மனிதர் மற்ற நாட்களில் சாப்பிடுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

வினை லயனல் பெட்டிஃபர் வடிவில் வந்தது. லயனல் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், கட்டணக்காரர்களின் தலைவர், ஒல்லி. கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, எதிர்க்கரையில் நிற்கும் எல்லாரும் உண்மையிலேயே கைதி வம்சம்தானா என்று யாராவது பார்த்ததுண்டா என மிகவும் மரியாதையாகக் கேட்டார். எங்கள் தலைவி மேவிஸ் டப்புக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. மேசையைத் தட்டி, மாநில ஆவணக் காப்பகத்திலிருந்து ஒவ்வொருவரும் தங்கள் கைதியின் பதிவை நகலெடுத்துக் கொண்டுவர வேண்டும், இல்லாதவர்கள் அந்தக் கரைக்குப் போய்விட வேண்டும் என்று அறிவித்தாள். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் கிளாரி.

அவருக்குக் கம்ப்யூட்டர் ஒத்துவராது. அதனால் என் வீட்டுக்கு வந்தார். காப்பகத்தார் பழைய பதிவேடுகளையெல்லாம் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கைதிக்கும் உயரம், மூக்கின் நீளம், கையில் குத்தியிருந்த பச்சை, செய்த குற்றம், வந்தபின் குடித்துவிட்டு யாரைத் திட்டினான் என்பது வரை இருக்கும். முன்பின் தெரியாதவர்களின் பக்கங்களை நான் மாலை முழுக்கப் படித்துக்கொண்டிருந்ததுண்டு. இன்றைக்கு உயிரோடிருக்கும் யாரையும் அவ்வளவு உன்னிப்பாக யாரும் எழுதி வைக்கப்போவதில்லை.

ஜோசையா தர்குட் கைதிகள் பதிவேட்டில் இல்லை. கடைசியில் வேறொரு கோப்பில் அகப்பட்டார். நிலம் கேட்டு ஆளுநருக்கு அவரே எழுதிய மனு. குதிரை திருடியதாகத் தன்மேல் வழக்கு நடந்தது உண்மை என்றும், குதிரை தானாகவே தன் பின்னால் நடந்து வந்தது என்பதை ஏற்று நீதிமன்றம் விடுவித்துவிட்டது என்றும் அதில் எழுதியிருந்தார். ஆகவே தன் நேர்மைக்கு நீதிமன்றமே சாட்சி. இங்கிலாந்தில் வேறு எத்தனை பேர் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும் என்றும் கேட்டிருந்தார். கப்பல் கட்டணம் செலுத்திய ரசீதும் கூடவே இருந்தது.

கிளாரி மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து அந்த ரசீதை மறுபடி படித்தார். நான் எழுந்துபோய் டீ போட்டேன்.

"ஒரு குதிரை," என்றார் ஒருவழியாக. "ஒரே ஒரு குதிரை. அதக்கூட உருப்படியாத் திருடத் துப்பில்ல அந்த ஆளுக்கு."

"கோர்ட்டே நம்பிடுச்சே, கிளாரி."

"நம்புற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு நின்னிருப்பான். எங்கப்பாவுக்கும் அதே மூஞ்சிதான்."

பிறகு அம்மா வழியில் தேடினோம். ஒரு பிரசங்கியார், ஒரு பியானோ சரிசெய்பவர், சுங்க அலுவலகத்தில் பரிசு வாங்கிய ஒரு குமாஸ்தா. பார்க்கப் பார்க்கக் கிளாரியின் முகம் தொங்கியது. அதற்குப் பின்னால் சுசானா என்று ஒருத்தி, கைதிக் கப்பலின் பெயர்ப்பட்டியலில் இருந்தாள். கிளாரி அடுத்த வரியைப் படிக்கக் காத்திருக்கவில்லை. பேக்கரிக்கு ஓடி, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் சிப்பி இறைச்சி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை வாங்கிக் கொடுத்துவிட்டார். மேவிஸ் இரண்டு சாப்பிட்டாள். அடுத்த வரியை நான் தனியாகப் படித்தேன். சுசானா அந்தக் கப்பலில் வந்த காவலாளியின் மனைவி.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் மேவிஸிடம் நகல் காட்டியாக வேண்டும். சொன்னேன். கிளாரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கட்டணக்காரனாக இருப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம், காவலாளி வம்சமென்று வெளியே தெரிந்தால் மதுக்கடையில் எந்த முகத்தோடு நிற்பது என்றார்.

மறுநாள் அவர் மேவிஸ் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு குள்ளன் பொம்மையைப் பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார். தன்னைக் கைது செய்யச் சொன்னார். தனக்கு விடிவில்லாவிட்டாலும் பேரப்பிள்ளைகளாவது தலைநிமிர்ந்து கயிறு பிடிக்கட்டும் என்பது அவர் கணக்கு. காவலர் மேவிஸுக்குப் போன் போட்டார். அந்தப் பொம்மை தன் மாமியார் கொடுத்தது, எடுத்துக்கொண்டு போனவருக்கு நன்றி சொல்லுங்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். கிளாரி பொம்மையோடு நடந்தே வீடு திரும்பினார்.

மேவிஸும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன். கிளாரி போனால் நாங்கள் தண்ணீரில் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் மேசையைத் தட்டிச் சொன்னது ஊருக்கே கேட்டிருந்தது. போட்டிக்கு முன்தினம் அவளே கிளாரி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"சட்டம் போட்டது நானு," என்றாள். "மாத்துனா அந்த லயனல் சிரிப்பான்."

"நான் எங்க போவேன், மேவிஸ்? அங்க எல்லாரும் கையுறை போட்டுக்கிட்டுல்ல கயிறு இழுக்கிறாங்க."

மேவிஸ் ஏதோ பூக்களைப் பார்ப்பதுபோல வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே பூ எதுவும் இல்லை.

மறுநாள் கிளாரி அந்தக் கரையில் நின்றார். கட்டணக்காரர்கள் அவருக்கும் ஒரு ஜோடி கையுறை கொடுத்தார்கள், விரலில் ஏறவில்லை. சற்று நேரம் தலைகுனிந்தே நின்றார். பிறகு லயனலின் கால்களைப் பார்த்தார். அவரால் பொறுக்க முடியவில்லை. குனிந்து லயனலின் கணுக்காலைப் பிடித்துத் திருப்பி வைத்தார். குதிகாலைப் புதைக்கச் சொன்னார், மூச்சை எங்கே விடுவது என்று சொன்னார். அப்படியே வரிசை முழுக்கத் திருத்திக்கொண்டே வந்து, கடைசி முனையைத் தோளில் சுற்றிக்கொண்டார்.

என் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாதது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காவலர் விசில் ஊதினார். கிளாரி சாய்ந்தார். நாங்கள் ஒருவர்பின் ஒருவராகத் தண்ணீருக்குள் போனோம். குளிர் எலும்பு வரை ஏறியது.

முடிந்ததற்கு அடையாளமாக இரண்டாவது விசிலும் ஊதியாயிற்று. ஆனால் கட்டணக்காரர்கள் அதுவரை ஜெயித்ததே இல்லை. ஜெயித்தபின் எப்போது நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. லயனல் கண்களை மூடிக்கொண்டு, கடைசிப் பாட்டு வாசிக்கிற முகத்தோடு இழுத்துக்கொண்டே இருந்தார். கிளாரி நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். அந்த விசில் அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர் எங்களைப் பார்த்துக்கொண்டே, ஒரு அடி, இன்னொரு அடி என்று பின்னால் நடந்தார். கயிற்றை முதலில் விட்டவன் என்ற பெயர் வேண்டாமென்று எங்களில் யாரும் விடவில்லை. இடுப்பளவு தண்ணீரைக் கடந்து, சேற்றில் வழுக்கி, நாங்கள் அத்தனை பேரும் அந்தக் கரையில் ஏறினோம்.

வாழ்க்கையில் அங்கே நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வெள்ளை விரிப்பு போட்ட மேசைகளும், அவற்றின்மேல் தட்டுத்தட்டாக ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டிகளும் இருந்தன.

மேவிஸ் தலையில் பாசியோடு, கயிற்றைப் பிடித்தபடியே மேசை வரை வந்து சேர்ந்தாள். "விட்டுத் தொலைங்கப்பா. அதான் ஜெயிச்சாச்சுல்ல," என்றாள்.

கிளாரி தோளிலிருந்து கயிற்றைப் பிரித்துக் கீழே போட்டார். ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு முன்னால் வைத்தார்.

"வந்தது வந்துட்டீங்க. உக்காருங்க," என்றார். "இங்க ஸ்கோன் நல்லாத்தான் இருக்கு."

மேவிஸ் பாவாடையைப் பிழிந்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு ஸ்கோனை எடுத்து இரண்டாகப் பிட்டு, க்ரீம் எங்கே என்று லயனலைக் கேட்டாள்.