சோத்தாங்கைக் கிளவுஸ்

என் அம்மா சொர்ணவல்லி கடைப்படி ஏறினால் அந்தக் கடைக்காரருக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். கத்திரிக்காயானாலும் சரி, காசுமாலையானாலும் சரி, புரட்டிப் பார்க்காமல், ரெண்டு குறையாவது சொல்லாமல் அவள் எதையும் வாங்கியதில்லை. வெண்கலப் பானையைச் சுண்டிப் பார்த்தே ஒட்டுப்போட்டது எது என்று சொல்லிவிடுவாள். அப்பா அரசப்பன் காரைக்குடியில் நகை வேலை செய்தவர். செய்து முடித்த நகையை முதலில் அம்மாவிடம்தான் காட்டுவார். அவள் கண்ணுக்குத் தப்பிய குறையை ஊரில் வேறு எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்பது அவர் தைரியம்.

அப்பேர்ப்பட்டவள் 1972-இல் மதுரை வரைக்கும் போய் எனக்கு ஒரு சாப்ட்பால் கிளவுஸ் வாங்கித் தந்தாள். அவள் வாங்கித் தந்த பட்டுச் சேலைகளைக்கூட மறந்துவிட்டேன். அந்தக் கிளவுஸுக்கு மட்டும் இன்றும் மனசுக்குள் கும்பிடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏன் என்று சொன்னால்தான் விளங்கும். நான் பிறவியிலேயே இடது கைக்காரி. அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. இலையில் இடது கை பட்டால் கரண்டிக் காம்பு விரல் முட்டியில் விழும். யாராவது பூவோ திருநீறோ நீட்டினால் என் இடது கைதான் முந்திக்கொள்ளும். அவ்வளவுதான், ஆரம்பித்துவிடுவாள்.

“பீச்சாங்கையாலயாடி வாங்குறவ? நாளைக்குப் போற வீட்டுல என்னையத்தானடி பேசுவாக!”

பழைய சேலைக் கிழிசலால் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டு என்னைச் சாப்பிட உட்கார வைத்த நாட்களும் உண்டு. எழுத்து, சாப்பாடு, கோலம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வலது கைக்கு வந்து சேர்ந்தன. வராதது எறிவது ஒன்றுதான். வலது கையால் கல்லை எறிந்தால் அது எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. இடது கையால் எறிந்தால், நீங்கள் எந்தப் புளியங்காயைக் காட்டுகிறீர்களோ அந்தப் புளியங்காய் விழும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு டீச்சராக வந்தவர் ஞானமணி டீச்சர். கோ-கோ மட்டுமே தெரிந்த எங்களுக்கு, மெட்ராஸில் படித்தபோது தான் கற்றுக்கொண்ட சாப்ட்பாலைச் சொல்லிக் கொடுத்தார். எதிர்க்கட்சி மட்டையால் அடிக்கிற பந்தை ஒரு கையில் தோல் கிளவுஸ் மாட்டிப் பிடிக்க வேண்டும். மறு கையால் அதை எடுத்து எறிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருந்த கிளவுஸ் எல்லாமே இடது கையில் மாட்டுகிறவை. ஊர் உலகமெல்லாம் வலது கையால் எறிகிறதே, வேறெப்படி இருக்கும்? பந்தைப் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. எறிந்தால்தான் வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் தலைக்கு ஆபத்து.

ஒருநாள் கிளவுஸ் இல்லாமல், மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நான் இடது கையால் பந்தை எறிந்ததை டீச்சர் பார்த்துவிட்டார்.

“ஏ வள்ளிக்கண்ணு, இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த? அடுத்த மாசம் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்குறாக. இந்தக் கையால எறிஞ்சா உன்னைய ஒருத்தரும் தள்ள முடியாது. ஆனா சோத்தாங்கையில மாட்டுற கிளவுஸ் வேணும். நம்மகிட்ட அது இல்ல. வீட்டுல வாங்கித் தருவாகளா?”

“கிளவுஸ் வாங்கித் தருவாக டீச்சர். பீச்சாங்கையால எறியப்போறேன்னு தெரிஞ்சா, பள்ளிக்கூடத்தையே நிப்பாட்டிருவாக.”

டீச்சர் வீட்டுக்கு வந்து பேசினார். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்ததால் எந்தக் கை என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. அப்பா அப்போதுதான் கொத்தமங்கலத்து வீட்டுக் கல்யாண நகை வேலையை முடித்து நல்ல மனநிலையில் இருந்தார். “பிள்ளை ஆசைப்படுது, வாங்கிக் குடுத்துருவோம்” என்றார்.

“செருப்புத் தைக்கிற தோலைக் கையில மாட்டணுமாக்கும்” என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். ஆனால் அப்பாவைப் போக விடவில்லை. “இவுகளை அனுப்புனா மொதக் கடையில மொதச் சாமானை எடுத்துக்கிட்டு வந்துருவாக” என்று அவளே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பஸ் திருப்பத்தூர் தாண்டி மதுரை போய்ச் சேரும் வரைக்கும், ‘அம்மா, எனக்கு வலது கையில மாட்டுறதுதான் வேணும்’ என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏன் என்று அவள் கேட்பாளே! காரணத்தைச் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே வீட்டுக்குத் திருப்பிவிடுவாள்.

விளையாட்டுச் சாமான் கடையில் அம்மா தன் வேலையைத் தொடங்கினாள். முதல் கிளவுஸை முகர்ந்து பார்த்துத் தள்ளினாள். இரண்டாவதன் தையலை நகத்தால் நெம்பினாள். மூன்றாவதை மடக்கிப் பார்த்துவிட்டு, “உள்ள அட்டை வச்சுத் தச்சிருக்கீக. ஒரு மழைக்குத் தாங்குமா இது?” என்று கேட்டாள். நான்காவது பெரிசு. “எம் மக கை என்ன, கொத்தனார் கையா? மாட்டுனா உள்ள தேடணும் போலருக்கே.”

கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தார். தோல் மெத்தென்று இருந்தது. விரலுக்கு விரல் இரட்டைத் தையல். அம்மா உள்ளங்கைப் பகுதியில் முஷ்டியால் ரெண்டு குத்துக் குத்திப் பார்த்தாள். குறை கிடைக்கவில்லை.

“ம், மாட்டு” என்றாள். கடைக்காரர் அதை என் இடது கையில் மாட்டினார். அம்மாவின் முகம் மாறியது.

“என்னய்யா, எந்தக் கையில மாட்டுறீக?”

“இந்தக் கையிலதாம்மா. பந்தை இதாலதான் பிடிக்கணும்.”

“வர்ற பொருளைப் பீச்சாங்கையாலயா வாங்குறது? எந்த ஊருச் சட்டம் இது? நடக்கப் பழகுன நாள்லருந்து அடிச்சு அடிச்சு சோத்தாங்கையால வாங்கப் பழக்கி வச்சிருக்கேன். நீங்க ஒரு நிமிசத்துல கெடுத்துருவீக போலருக்கே! சோத்தாங்கைக்கு உள்ளதை எடுங்க.”

நான் கேட்க முடியாமல் தவித்ததை அவளே கேட்கிறாள்!

“இருக்கும்மா, ஒண்ணே ஒண்ணு கெடக்கு. ஒருத்தருக்காக வரவழைச்சது, அவரு வரவே இல்ல. நல்ல சரக்குத்தான். ஆனா அதை மாட்டுனா எறியுறது வந்து...”

“ஆனா ஆவன்னா எல்லாம் வேணாம். எடுங்க.”

கடைக்காரர்களை முழுசாகப் பேச விட்டால் விலை ஏறிவிடும் என்பது அம்மாவின் கொள்கை. அந்தக் கொள்கை நீடூழி வாழ்க. கடைக்காரர் என்னைப் பார்த்தார். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் மாட்டியதைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்து ரெண்டு கையையும் கூப்பி, இடது கையை லேசாக ஆட்டிக் காட்டினேன். அவர் பார்வை என் இடது கைக்குப் போய்த் திரும்பியது. புரிந்துகொண்டார்.

“பாப்பாவுக்கு அதுதாம்மா சரி” என்று பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் அவர் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்கட்டும். அம்மா அதையும் முகர்ந்து, மடக்கி, நெம்பிப் பார்த்துவிட்டு, வேறு குறை அகப்படாததால் தூசியைக் குறை சொல்லி வாங்கினாள்.

தோல் என்பதால் வீட்டுக்குள் அதற்கு அனுமதி இல்லை. செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே ஆணி அடித்து மாட்டினாள். ஆனால் எண்ணெய் தடவிப் பதப்படுத்த வேண்டும், பந்தை உள்ளே வைத்து இறுக்கிக் கட்டினால்தான் பிடிக்கிற குழி விழும் என்று டீச்சர் சொல்லியனுப்பியதும், அந்த வேலையை என்னிடம் கொடுக்கவில்லை. நானே செய்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். என் இடது கையைக் கட்டின அதே சேலைக் கிழிசலால்தான் கிளவுஸைக் கட்டினாள். உருப்படியாக அந்தக் கிழிசல் செய்த முதல் வேலை அதுதான்.

ஆள் எடுக்கிற நாள் வந்தது. காலையில் பயத்தில் நான் சாப்பிடாமல் ஓடிவிட்டேன். மைதானத்து ஓரம் வேப்பமர நிழலில் தேனம்மை ஆச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மகளும் எங்கள் கட்சியில் ஆடினாள். அப்பாவுக்கு நகை வேலை தருகிறவர்களில் ஆச்சிதான் பெரிய கை. அவர் முன்னால் அம்மா உரக்கப் பேசி நான் பார்த்ததில்லை.

நான் கடைசி வரிசையில், அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். எதிர்க்கட்சிப் பெண் ஒருத்தி அடித்த பந்து உயரப் போனது. ஓடிப் போய்ப் பிடித்தேன். பிடித்ததும், மூன்றாவது முனையில் காத்து நின்ற அவர்களில் இன்னொருத்தி கடைசி முனையை நோக்கி ஓடத் தொடங்கினாள். அவளுக்கு முன்னால் பந்து அங்கே போய்ச் சேர வேண்டும். எறியத் திரும்பியபோதுதான் பார்த்தேன். கையில் தூக்குச்சட்டியோடு அம்மா ஆச்சிக்குப் பக்கத்தில் நின்றாள்.

கிளவுஸைக் கழற்றி வலது கையால் எறியலாம். அதற்குள் அந்தப் பெண் போய்ச் சேர்ந்துவிடுவாள், மாவட்ட அணியும் அவளோடு போய்விடும். இடது கையால் எறிந்தால் அம்மா கண் முன்னாலேயே எறிய வேண்டும். யோசிக்க நேரமில்லை. இடது கை தன்பாட்டுக்கு எறிந்துவிட்டது. பந்து நேராகப் போய் விழ வேண்டிய கையில் விழுந்தது. “அவுட்!” என்று டீச்சர் குதித்தார்.

நான் அம்மாவைத்தான் பார்த்தேன். ஆச்சியின் குரல் எனக்கே கேட்டது.

“என்ன சொர்ணம், உம் மக பீச்சாங்கையாலயில்ல எறியுறா! நீ கண்டிக்கிறதில்லையா?”

செத்தேன் என்று நினைத்தேன். தலைமயிரைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போகப் போகிறாள். அம்மா என்னைப் பார்த்தாள். என் வலது கையில் இருந்த கிளவுஸைப் பார்த்தாள். பிறகு மைதானத்தில் நின்ற மற்றப் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். கடையில் சரக்குப் பார்க்கிற அதே பார்வை.

“அவ வாங்குனதைப் பாத்தீகளா ஆச்சி?” என்றாள். “சோத்தாங்கையால வாங்குனா. வந்த பொருளுக்குக் குடுக்குற மருவாதி அது. வாங்குனதை விட்டெறியுறதுக்கு எந்தக் கையா இருந்தா என்ன? குப்பையைக் கொட்ட நல்ல கையா தேடுறோம்? உங்க மகளையும் சேத்து மத்த அத்தனை பிள்ளைகளும் பீச்சாங்கையாலயில்ல வாங்குதுக! மொதல்ல அதுகளைக் கண்டிங்க.”

ஆச்சி மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். “அடி ஆத்தீ, ஆமா!” என்று வாயில் கை வைத்தவர், சிரிக்கத் தொடங்கி நிறுத்தவே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அன்றைக்கு வரைக்கும் என் இடது கைக்காக ஒருத்தர் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. முதல் வார்த்தை அம்மா பேசினாள், அதுவும் ஆச்சியிடம்.

மாவட்ட அணியில் என் பெயரை வாசித்ததும் டீச்சர் அம்மாவிடம் வந்தார். “உங்களுக்குத்தாம்மா நன்றி சொல்லணும். இந்தக் கிளவுஸ் அகப்படுறதே கஷ்டம். எப்படித் தேடிப் பிடிச்சீக?”

“நான் பாத்து வாங்குன சாமான் என்னைக்கு டீச்சர் சோடை போயிருக்கு?” என்றாள் அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

சாயங்காலம் நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

“கையைக் குடு.”

பழக்கத்தில் வலது கையை நீட்டினேன்.

“இது இல்ல. எறிஞ்ச கை.”

தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். கரண்டிக் காம்பு விழுந்து விழுந்து காய்த்திருந்த முட்டிகளில் அவள் விரல் வந்ததும் கொஞ்சம் நின்றது. அங்கே மட்டும் மெதுவாகத் தேய்த்தாள்.

“வலிக்குதா?”

“இல்லம்மா.”

“சாப்பிட வர்றப்ப மட்டும் இதை எடுத்துக்கிட்டு வராத” என்றாள், கையை விடாமல்.